மஞ்சள், மைக்ரோட்யூபுல், பெரியம்மாவோட கால்

இன்னிக்கு கோடிங் பத்தி எதுவும் இல்ல, வீட்டு விஷயம்தான்.

பாகூர்ல எங்க பெரியம்மா இருக்காங்க. மார்பகப் புற்றுநோய். பேக்லிடாக்செல்னு ஒரு கீமோ மருந்து ஏத்திக்கிட்டிருந்தாங்க. போன மாசம் வில்லியனூர்ல எங்க வீட்டுக்கு வந்தப்போ, "தம்பி, காலு மரத்துப் போச்சுடா. செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரியல. இனிமே ஊசிக்குப் போகல. மஞ்சள்லயே மருந்து இருக்காம், ஐஐடியில கண்டுபிடிச்சிருக்காங்களாம்"னு சொல்லி வாட்ஸ்அப்பைக் காட்டினாங்க.

வழக்கமான வதந்தின்னு நினைச்சுத்தான் தேடினேன். ஆனா ஆய்வு நிஜம். ஐஐடி பம்பாயில துலால் பாண்டாவோட ஆய்வகம் 2006-ல வெளியிட்டது. மஞ்சள்ல இருக்கற குர்குமின், செல்லுக்குள்ள ட்யூபுலின் என்கிற புரதத்தோட ஒட்டிக்கிட்டு, மைக்ரோட்யூபுல் உருவாகறதைத் தடுக்குதுன்னு காட்டினாங்க.

மைக்ரோட்யூபுல்னா என்ன? வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுவார், வேலை முடிஞ்சா பிரிப்பார், இல்லையா? செல்லுக்குள்ள அந்த மாதிரி ஒரு அமைப்பு. ட்யூபுலின் துண்டுகள் அடுக்கி உருவான, 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழாய். சில நிமிஷத்துல வளரும், சட்டுனு சரியும். 1984-ல மிட்சிசன், கிர்ஷ்னர் ரெண்டு பேரும் இதைக் கண்டுபிடிச்சாங்க. செல் ரெண்டாப் பிரியும்போது குரோமோசோமை இழுத்துப் பங்கு போடறது இந்தக் குழாய்கள்தான்.

இன்னொரு வேலையும் இருக்கு. புற்றுநோய்ல பெரும்பாலும் உயிரை எடுக்கறது முதல் கட்டி இல்ல. அதுலேர்ந்து கிளம்பி எலும்புக்கும் நுரையீரலுக்கும் போற செல்கள்தான். 1970-ல மாஸ்கோவில யூரி வாசிலியேவ் குழு, மைக்ரோட்யூபுலைக் கலைக்கற மருந்தைச் சாதாரண செல்கள் மேல போட்டுப் பார்த்தாங்க. செல்லோட விளிம்பு துடிச்சுக்கிட்டேதான் இருந்தது. ஆனா ஒரே திசையில நகர முடியல. அதாவது பல செல்களுக்கு மைக்ரோட்யூபுல் எஞ்சின் இல்ல, ஸ்டீயரிங். புற்றுநோய் பரவறதை இந்த வழியா நிறுத்த முடியுமான்னு இப்பவும் ஆராய்ச்சி நடக்குது.

பெரியம்மாவுக்கு ஏத்தற மருந்தும் இதே குழாயைத்தான் பிடிக்குது. கலைக்காது, சரிய விடாம உறைய வைக்கும். சாரத்தைப் பிரிக்கவே முடியலன்னா வேலை நின்னுடும், புற்றுநோய் செல் பிரிய முடியாமச் சாகும். 1979-ல சூசன் ஹார்விட்ஸ் இதை விளக்கினாங்க.

அப்போ கால் ஏன் மரத்துப் போகுது? முதுகுக்குக் கீழேர்ந்து கால் விரல் வரைக்கும் போற நரம்பு செல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் சரக்கு போற ரோடு மைக்ரோட்யூபுல்தான். மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல்னு தெரியாது. அதனால நீளமான நரம்புகள் முதல்ல அடி வாங்குது.

சரி, மஞ்சள்? அந்த ஆய்வு நடந்தது கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்கள்ல. அங்க குர்குமின் நேரா செல்லைத் தொடுது. நாம சாப்பிட்டா ரத்தத்துக்குப் போய்ச் சேர்றது ரொம்பக் கொஞ்சம். குழம்புல போடற மஞ்சளால கெடுதல் இல்ல, ஆனா அது ஊசிக்கு மாற்று ஆகாது. குர்குமின் மாத்திரை எடுத்தா டாக்டர்கிட்ட சொல்லணும்.

வேலியோரம் பூக்கற நித்யகல்யாணிக்கும் இதேதான். அதுலேர்ந்து பிரிச்ச வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ரெண்டும் நிஜமான புற்றுநோய் மருந்து. ஆனா அது சுத்தம் பண்ணி, அளந்து, நரம்புல ஏத்தறது. இலையைக் கஷாயம் வெச்சுக் குடிச்சா விஷம்.

இதையெல்லாம் பெரியம்மாகிட்ட சாரம், ரோடுன்னு சொல்லிப் புரிய வெச்சேன். கடைசியா அவங்க கேட்டது ஒண்ணுதான்: "அப்போ மரத்துப் போறதை டாக்டர்கிட்ட சொன்னா திட்ட மாட்டாங்களா?"

அவ்வளவு நாள் அவங்க சொல்லவே இல்ல, மக்களே. அடுத்த தடவை நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமையாக் கேட்டு, மருந்தோட அளவைக் குறைச்சாங்க. சிகிச்சை தொடருது.

உங்க வீட்டுல யாராவது கீமோ எடுத்துக்கிட்டிருந்தா, இன்னிக்கே கேளுங்க: "காலு, கை விரல் மரத்துப் போகுதா?" ஆமான்னா டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.