புத்தூர்க் கட்டும் செவ்வொளியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கார்வேட்டிநகரம் என்றதும் இசையன்பர்களுக்குச் சாரங்கபாணியின் பதங்கள் நினைவிற்கு வரும். பக்தர்களுக்கு வேணுகோபாலர் கோயில் நினைவிற்கு வரும். கை கால் ஒடிந்தவர்களுக்கோ அதன் அண்டையூராகிய புத்தூரே நினைவிற்கு வரும். 1960-இல் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு மாறிற்றேயன்றி, எலும்பு முறிந்தவர்களின் பயணம் மாறவில்லை. சென்னைத் தெருக்களிலும் 'புத்தூர் கட்டு' என்னும் பலகையை நாம் காண்கிறோம்.

பச்சிலை விழுது, முட்டையின் வெண்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவற்றால் அமைவது அக்கட்டு. முறிந்த இடத்தை அசையாமல் நிறுத்துவதே அதன் உயிர்நிலை. எலும்பு தானே கூடும். அதற்கு அமைதி தருவதே வைத்தியனின் கடமை.

இன்று காயத்தின் வலிக்கும் வீக்கத்திற்கும் மற்றொரு துணையைப் பலர் நாடுகின்றனர். அதுதான் ஒளி. சிவப்பொளிக் கருவிகள் வீடுதோறும் விலைக்கு வருகின்றன. அவற்றை நம்பலாமா என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

ஒளியால் நோய் தீர்ப்பது வெறுங்கற்பனை அன்று. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்சன், தோலைப் பற்றிய காசநோய்க்கு ஒளி கொண்டு சிகிச்சை செய்து 1903-இல் நோபெல் பரிசு பெற்றார். லேசர் ஒளி 1960-இல் பிறந்தது. 1967-இல் புடாபெஸ்டு நகரத்து மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகளின்மீது மென்மையான லேசர் ஒளியைச் செலுத்தினார். அவ்விடத்தில் மயிர் விரைந்து வளர்ந்தது. பின்னர் ஆறாத புண்களுக்கும் அவ்வொளியைப் பயன்படுத்தினார்.

இவ்வொளி சுடுவதில்லை. ஏறத்தாழ 600 முதல் 1,000 நானோமீட்டர் வரையுள்ள செவ்வொளியும் அதனையடுத்த அகச்சிவப்பொளியும் தசைக்குள் சிறிது தூரம் புகும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உயிரணுவில் ஆற்றல் பிறக்கும் இடத்திலுள்ள ஒரு நொதி அவ்வொளியை ஏற்று, வேலையை ஊக்குகிறது என்பதே அறிஞர் பலரின் விளக்கம். இங்கே அளவே மருந்து. குறைந்தால் பயனில்லை, மிகுந்தாலோ கிடைத்த பயனும் கெடும்.

கழுத்து வலிக்கு இவ்வொளி தணிவு தருகிறது என 2009-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்கவும் மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர். ஆயினும் எல்லா வலிக்கும் ஒரே பயன் என்று கூற இயலாது. சுளுக்கு முதலியவற்றில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை.

வெப்பம் தரும் அகச்சிவப்பு விளக்கு வேறு, இம்மென்மையொளி வேறு. அடிபட்ட முதல் இரண்டு நாட்களில் வெப்பம் வீக்கத்தை மிகுவிக்கும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்கள், விளக்கின் சூடு தெரியாமலே தீப்புண் பெறுவதுண்டு. மென்மையொளியாயினும் லேசரைக் கண்ணில் படவிடலாகாது. புற்றுக்கட்டி உள்ள இடத்தில் மருத்துவரைக் கேளாமல் பாய்ச்சலாகாது.

இவ்விடத்தில் மற்றொரு கதிரையும் நினைவூட்டுகிறோம். 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே அது. வலியைத் தணிக்கும் ஒளிக்கு முன்னே, முறிவைக் காட்டும் கதிர் வர வேண்டும். வலி தணிந்ததனால் எலும்பு கூடிவிட்டதென்று எண்ணி நடமாடினால், கோணலாகக் கூடிய கால் வாழ்நாள் முழுதும் துன்பம் தரும். கட்டிலும் இவ்வெச்சரிக்கை தேவை. கட்டிய கையின் விரல்கள் நீலம் பாரித்தாலும், மரத்துப் போனாலும், வலி மேன்மேலும் கடுத்தாலும், நொடிப்பொழுதும் தாமதியாமல் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தவோட்டம் நின்ற கையை எந்த ஒளியும் மீட்காது.

ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, அண்டை வீட்டார் சொல்லும் கைமருந்தும் விளம்பரம் காட்டும் கருவியும் எளிதில் கிட்டும். ஊர்ப் பெரியவரின் அறிவுரை எளிதில் கிட்டாது. ஆதலின் வரிசையை நாமே நெஞ்சில் நிறுத்துவோம். முதலில் முறிவைக் காண்க. அடுத்து அசையாமல் நிறுத்துக. அதன்பின் மருத்துவர் அளந்து தரும் ஒளியைத் துணையாகக் கொள்க. ஒளி நல்ல துணை. ஆனால் அது வைத்தியரின் இடத்தில் அமரத் தக்கதன்று.