பிரான் கோட்டையில் ஒரு பகல்

(சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



இரத்தம் குடிக்கும் டிராகுலாப் பிரபுவின் கோட்டையைப் பார்த்து வந்ததைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். பேய்க் கதை கேட்க முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட குழந்தைகளிடம் முதலிலேயே மன்னிப்புக் கோருகிறோம். பேயை நாங்கள் பார்க்கவில்லை.

மைத்துனரின் அழைப்பின்பேரில் கணவனும் மனைவியுமாக ருமேனியாவுக்குச் சென்றோம். தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து பிராஷோவ் வரை இரயில். அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். செங்குத்தான பாறையின்மேல் நிற்கிறது பிரான் கோட்டை.

டிராகுலா நாவலை 1897-இல் வெளியிட்ட பிராம் ஸ்டோக்கர் ருமேனியாவில் காலடி வைத்தவரல்லர். அவர் வருணித்த கோட்டை இருப்பது வடக்கே, போர்கோ கணவாய்ப் பக்கம். டிராகுலா என்ற பெயருக்குரிய வாலாக்கியா மன்னன் மூன்றாம் விளாட், பகைவர்களைக் கழுவேற்றிய கொடியவன்தான். எனினும் அவன் பிரானில் குடியிருந்ததற்குச் சான்று இல்லை.

அப்படியானால் இது யாருடைய கோட்டை? 1377 நவம்பர் 19-ஆம் நாள், ஹங்கேரி மன்னர் முதலாம் லூயி, பிராஷோவ் நகரத்து ஸாக்ஸன் மக்கள் தங்கள் செலவிலேயே இதனைக் கட்டிக்கொள்ள உரிமைப் பத்திரம் வழங்கினார். 1388-இல் வேலை முடிந்தது. டிரான்சில்வேனியாவுக்கும் வாலாக்கியாவுக்கும் இடைப்பட்ட மலைவழியில் போய்வரும் சரக்குகளுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் சுங்கம் வாங்கினார்கள். பார்சல் ஆபீசில் சீட்டு எழுதியே தலை நரைத்த நாங்கள், கடல் கடந்து போய்ச் சேர்ந்ததும் ஒரு பார்சல் ஆபீசுக்குத்தான்!

நாவலிலும் நம் இலாகாவுக்கு இடமுண்டு. மூனிக்கில் புறப்பட்ட வண்டி வியன்னாவுக்கு ஒரு மணி நேரம் தாமதம் என்ற குறையோடுதான் கதை தொடங்குகிறது. பிறந்த மண்ணில் படுத்தாலன்றி அந்தப் பிரபுவுக்கு உறக்கமில்லை. ஆகவே 50 பெட்டிகளில் மண்ணை நிரப்பி இங்கிலாந்துக்கு அனுப்புகிறான். அவனைத் தேடுவோர் அப்பெட்டிகளின் சரக்குச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டே துப்புத் துலக்குகிறார்கள். இதைவிடச் சிறந்த விளம்பரம் குமாஸ்தா உலகுக்குக் கிடைக்காது.

கோட்டைக்குள் படிகள் மிகக் குறுகியவை. முழங்கால் வலியுள்ள எம் இல்லாள் சுவரைப் பற்றியே ஏறினாள். பேயறை எதுவும் காணோம். கண்டது ஓர் அரசியின் வீடு. விக்டோரியா மகாராணியின் பேத்தியும் ருமேனியாவின் அரசியுமான மேரிக்கு, 1920-இல் நகரத்தார் இக்கோட்டையை அன்பளிப்பாகக் கொடுத்தனர். பழைய கிணற்றுக் குழிக்குள் 1937-இல் மின்தூக்கி அமைத்தார்கள். மறு ஆண்டே அரசி காலமானார். அவர் விருப்பப்படி கருங்கடலோரத்துக் கோயிலில் வைக்கப்பட்ட அவருடைய இருதயம், அப்பகுதி 1940-இல் பல்கேரியாவுக்குப் போனபோது பிரானுக்கு வந்தது. இன்று அது பெலிஷோர் அரண்மனையில் இருக்கிறது.

கோட்டை, மகள் இளவரசி இலியானாவுக்குச் சேர்ந்தது. போர்க்காலத்தில், 1944-இல், காயமுற்ற வீரர்களுக்காக இவ்வூரில் மருத்துவமனை நிறுவித் தாமே பணிவிடை செய்தவர் அவர். 1948-இல் புதிய ஆட்சி அரச குடும்பத்தை நாடு கடத்தியது. அவர் எடுத்துச் சென்றவற்றுள் ஒன்று, இக்கோட்டையின் அடிவாரத்து மண் அடங்கிய சிறு பெட்டி. பின்னர் துறவியானார். 1991-இல் மறைந்தபோது அம்மண்ணும் அவருடன் அடக்கம் செய்யப்பட்டது. கோட்டை 2006-இல் அவருடைய பிள்ளைகளிடம் திரும்பி வந்தது.

வெளியே கடைவீதியில் முகமூடியும் கோரைப்பல் பொம்மையும் குவிந்து கிடந்தன. "இல்லாதவனுடைய மண்ணைப் பற்றி உலகமே பேசுகிறது, இருந்தவள் எடுத்துப்போன மண்ணைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை" என்றாள் எம் இல்லாள். அந்தப் பொய்க்காக வரும் கூட்டத்தின் காசில்தானே இந்த மெய்யும் பழுதின்றி நிற்கிறது என்றோம். அவள் ஒப்புக்கொள்ளவில்லை; பேருந்து வரும்வரை வாதம் நடந்தது.

பிறகு வெகுநேரம் பேசாமல் வந்தோம். மணமாகி முதன்முதலாக இவ்வூருக்கு வந்தபோது, அவள் பிறந்த வீட்டுத் துளசியை அதன் மண்ணோடு ஒரு தகர டப்பாவில் வைத்து, இரண்டு இரவும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாள். சந்தையில் நாலணா பெறாத செடிக்கு இத்தனை பாடா என்று அன்று அவளைக் கேலி செய்திருந்தோம்.