பொட்டலத்தின் மேல் எழுதிய பெயர்



சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவரிடம், இந்தக் கல்லூரியின் வேர் சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் சொல்லிக்கொடுத்த பள்ளி என்றால் சட்டென்று நம்பமாட்டார். 1925-இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி என்ற பெயரில் தொடங்கியதுதான், பெயரும் பாடமும் மாறி மாறி, 1960-இல் முழுக்க நவீன மருத்துவக் கல்லூரி ஆனது. மாற்று மருத்துவத்தை ஓர் அரசு எப்படியெல்லாம் கையாளலாம் என்ற விவாதம் இந்த 35 ஆண்டுக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

எந்த மருத்துவம் பெரியது என்ற பட்டிமன்றம் தமிழ்நாட்டில் நிறையவே நடந்துவிட்டது. இந்தச் சொற்பொழிவின் பொருள் வேறு: பழைய மருந்தை எப்படிச் சோதிப்பது, எப்படி ஏற்பது என்பதில் வெவ்வேறு நாடுகள் எடுத்த வழிகள், ஒவ்வொரு வழியும் கவனிக்கத் தவறியவை.

1. சென்னை: ஒரே கூரை

நீதிக்கட்சி ஆட்சியில், 1921-இல், இந்திய மருத்துவ முறைகளை ஆராய, சென்னை மாகாண அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் செயலாளர் ஜி. சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவம் படித்த டாக்டர். வைத்தியர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். பல மொழிகளில் வந்த அந்தச் சாட்சியங்களும் 1923-இல் வெளியான அறிக்கையோடு அச்சேறின. இந்திய மருத்துவத்துக்கும் தனக்கென ஓர் அறிவியல் முறை உண்டு என்று சீனிவாசமூர்த்தி அதில் விரிவாக வாதாடினார். பள்ளி தொடங்கியபோது முதல் முதல்வரும் அவரே.

ஒரே கூரையின் கீழ் இரண்டு மருத்துவமும் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கலப்புப் பாடத்திட்டத்தில் நவீன மருத்துவத்தின் பங்கு வளர்ந்துகொண்டே போய், கடைசியில் அதுவே நின்றது. சித்த மருத்துவத்துக்கு 1964-இல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரி வந்தது. பிறகு 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இப்போது இரண்டு தரப்புக்கும் தனித்தனி வளாகம், தனித்தனிப் பட்டம். ஒருவர் மருந்தை மற்றவர் கேள்வி கேட்கும் இடம் மட்டும் குறைந்துபோயிற்று.

2. பெய்ஜிங்: காய்ச்சாமல் பிழிந்தது

சீனா வேறு வழியில் போனது. 1967 மே 23-இல் தொடங்கியதால் 523 என்று எண் பெற்ற ரகசியத் திட்டத்தின் நோக்கம், மலேரியாவுக்குப் புது மருந்து. அதில் சேர்ந்த ஆய்வாளர் து யூயூ பழைய ஏடுகளையும் நாட்டு வைத்தியர்களின் குறிப்புகளையும் வாரிச் சேர்த்து, நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை ஏமாற்றியது.

திருப்பம் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன மருத்துவர் கெ ஹோங்கின் கைந்நூலில் கிடைத்தது. அவர் அந்தச் செடியைக் கஷாயம் வைக்கச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று து யூயூவுக்குப் பட்டது. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுக்க அடக்கியது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சகாக்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து பிறந்த கதை இது; 2015-இல் நோபல் பரிசும் வந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு அண்ணன் முறையில் ஒரு மருந்து உண்டு. சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

இந்த வழியில் மூலிகை ஜெயிக்கிறது, வைத்தியமுறை பின்தங்கிவிடுகிறது. நாடி, பத்தியம், அனுபானம் எதையும் மூலக்கூறு சுமந்துவருவதில்லை. சித்த மருத்துவர்களின் மனக்குறையும் இதுதான்: செடியை எடுத்துக்கொண்டு எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பார்கள்.

3. சுவிட்சர்லாந்தும் இங்கிலாந்தும்: ஒரே மாத்திரை, இரண்டு தீர்ப்பு

பிரித்தெடுக்க ஒன்றுமே மிஞ்சாத மருந்தை என்ன செய்வது? ஹோமியோபதியின் கணக்கு எளிது. ஒரு சொட்டு மூலச்சாறு, 99 சொட்டு ஆல்கஹால், நன்றாகக் குலுக்கு. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மறுபடி 99 சொட்டில் விடு. பன்னிரண்டாவது முறை தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது தங்கியிருக்கும் வாய்ப்பு அருகிவிடும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 வீரியத்தில் நீர்ப்பு விகிதம் 1-க்குப் பின் 60 பூஜ்யம்.

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் குழு 176 ஆய்வுகளைப் பரிசீலித்து, ஹோமியோபதி பலனளிப்பதாக நம்பத்தகுந்த ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்று 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2017-இல், இனி இதை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று குடும்ப மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்தோ 2009-இல் வாக்கெடுப்பு நடத்தியது. மாற்று மருத்துவத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 67 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதன்பின் ஹோமியோபதி அடிப்படைக் காப்பீட்டுக்குள் திரும்பி வந்தது.

சுவிஸ் மக்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹோமியோபதி மருத்துவர் முதல் சந்திப்பில் தூக்கம், கனவு, கோபம், தாகம் என்று பொறுமையாக விசாரிப்பார். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடம்தான். மாத்திரையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த விசாரிப்பில் ஏதோ இருக்கிறது. அதை மாத்திரையின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

4. பிரஸ்ஸல்ஸ்: பெயர் மாறிய பொட்டலம்

மாத்திரையில் ஒன்றும் இல்லாதது ஒரு சிக்கல்; வேறொன்று இருப்பது இன்னொரு சிக்கல். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அவர்களுக்குக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகை இருக்க வேண்டும். சீனத்தில் ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொரு செடி இருந்தது. ஃபாங்ஜி என்ற பெயர் இரண்டுக்கும் பொது. வந்து சேர்ந்தது அரிஸ்டலோக்கியா இனச் செடி. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

இந்த இனம் நமக்கு அந்நியமல்ல. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டலோக்கியாதான். அவற்றில் உள்ள அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவருகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்ற சான்று இங்கே செல்லாது. சாப்பிட்ட அன்று வயிறு வலித்தால் வைத்தியருக்குத் தெரியும். பல ஆண்டு கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், அதற்கும் அந்தச் சூரணத்துக்கும் யார் முடிச்சுப் போடுவது?

5. மீண்டும் இங்கே

2012-இல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டு அரசு நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். இந்தக் கடைசிச் சரக்கைக் கவனிக்க வேண்டும். பற்படாகம், பர்ப்படகம், பர்ப்படா என்று ஒரே பெயர்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு செடி, கேரளத்தில் வேறொன்று, வடக்கே இன்னொன்று. பிரஸ்ஸல்ஸில் இடறிய அதே கல்.

சித்த மருத்துவப் பிரிவு உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், பக்கத்து அறையிலேயே ரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. குடிநீர் வாங்கிப்போனவரின் தட்டணு எண்ணிக்கை மூன்றாம் நாள் என்ன, சிறுநீரகச் சோதனை ஆறு மாதத்தில் என்ன, அன்று காய்ச்சிய பற்படாகம் எந்தச் செடி என்று மூன்று பத்தி போட்ட ஒரு பதிவேடு போதும், வேலையைத் தொடங்க. அன்று வைத்தியர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பிய உஸ்மான் குழுவினர் கையில் ஆய்வகம் இல்லை. இன்று அது கதவு தட்டும் தூரத்தில் இருக்கிறது. கஷாய அறைக்கும் அதற்கும் நடுவே போகவேண்டியது ஒரு சீட்டுதான்.