சக்கரத்தைச் சுற்றிய ரப்பர்: பழைய கார்களை மீட்பது மரபுக் காப்பே

பழைய மோட்டார் கார்களைத் தேடியெடுத்து, திருத்தி, ஓடவைத்து, அவற்றுக்கு விழா எடுப்பது மரபுக் காப்பா, வசதி படைத்தோரின் பொழுதுபோக்கா என்பதே இன்று வழக்காடப்படும் பொருள். அது மரபுக் காப்பே என்பதும், அந்த மரபில் கொழும்பில் கார்களை நிறுத்தி வைத்திருப்போரைக் காட்டிலும் சபரகமுவையின் ரப்பர் மலைகளில் பால் வெட்டியோரின் வழித்தோன்றல்களுக்கே கூடுதல் உரித்து உண்டு என்பதும் இவ்வணியின் நிலைப்பாடு.

எதிரணியினர் "பழைய கார்" என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டமையால், எது எதைக் குறிக்கிறது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. 1966இல் அமைக்கப்பட்ட பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம், குறைந்தது 30 ஆண்டு வயதுடையதும், தன் காலத்துக்குரிய உருவில் பேணப்படுவதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான வாகனத்தையே வரலாற்று வாகனம் என ஏற்கிறது. அதே சம்மேளனம் 2013இல் நடைமுறைப்படுத்திய தூரின் சாசனம், உள்ளதை உள்ளபடி சிதையாமல் காக்கும் பேணலையும், இழந்த பகுதிகளைச் சான்றுகளின் துணையோடு பழைய நிலைக்குக் கொண்டுவரும் மீட்டமைப்பையும் வெவ்வேறாகப் பிரித்து, எந்தப் பகுதி பழையது, எந்தப் பகுதி புதிதாகச் செய்யப்பட்டது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. பழைய உடலுக்குள் புதிய ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தி, கண்ணைப் பறிக்கும் நிறம் பூசி வீதியில் விடுவது இவற்றுள் எதிலும் அடங்காது. அதைக் காட்டி மீட்டமைப்பைப் பழிப்பது வழக்கின் பொருளை விட்டு விலகுவதாகும்.

மோட்டார் வாகனத்தின் தொடக்க வரலாற்றை எழுதுவோர், கார்ல் பென்ஸ் தமது முச்சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரிய 1886 ஜனவரி 29ஆம் திகதியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். ஆயினும் அந்த வண்டி நெடுந்தூரம் செல்லத் தக்கது என்பதை மெய்ப்பித்தவர் அவருடைய துணைவியார் பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தை அவர் கடந்தார்; வழியில் எரிபொருளை மருந்துக் கடையொன்றில் வாங்கினார், சங்கிலியைக் கொல்லரிடம் சரிசெய்வித்தார், தேய்ந்துபோன தடுப்புக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தினார். காப்புரிமைப் பத்திரம் பென்ஸின் பெயரை மட்டுமே சொல்லும். கொல்லரும் செருப்புத் தைப்பவரும் அந்தப் பயணத்தின் பங்காளிகள் என்பது, அத்தகைய வண்டியொன்றை மீண்டும் ஓட்டிப் பார்த்து, எது எங்கே தேயும், எது எப்போது தளரும் என்று அறிந்தவருக்கே முழுமையாக விளங்கும். 1896ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நிகழ்ந்த பயணத்தின் நினைவாக, 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளை இன்றுவரை ஆண்டுதோறும் அதே வழியில் ஓட்டுவதன் பயனும் இதுவே.

இனி, கஹவத்தையிலிருந்தும் சூழவுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் இந்த அவைக்கு மிக நெருங்கிய செய்திக்கு வர வேண்டும். முதல் மோட்டார் வண்டிகள் இரும்புப் பட்டையிலும் திண்ம ரப்பரிலும் அதிர்ந்து அதிர்ந்து ஓடியவை. ஜோன் பொய்ட் டன்லப் 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்ததும், மிச்செலின் சகோதரர்கள் 1895ஆம் ஆண்டின் பாரிஸ்–போர்டோ ஓட்டப்பந்தயத்தில் அத்தகைய டயரை மோட்டார் காருக்குப் பொருத்திக் காட்டியதும் நிகழ்ந்த பின்னரே, கார் என்பது மனிதர் அமர்ந்து பயணம் செய்யத் தக்க பொருளாக மாறியது. அதன் பின் பிறந்த ஒவ்வொரு காருக்கும் நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் வேண்டியிருந்தது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் செய்த மொடல் டி கார்கள் மட்டுமே 150 இலட்சம் என்னும்போது, அந்தத் தேவையின் அளவை உணரலாம்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? ஹென்றி விக்ஹாம் 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்த நாற்றுகளுள் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. ஏறக்குறைய கால் நூற்றாண்டு வரை அவற்றைத் தோட்டத் துரைமார் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1900ஆம் ஆண்டளவிலும் தீவின் ரப்பர்ப் பரப்பு சில ஆயிரம் ஏக்கருக்கு மேற்போகவில்லை. காரின் டயர் வந்து விலையை ஏற்றிய பின், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அது இலட்சக்கணக்கான ஏக்கராக விரிந்தது. களுத்துறையும் கேகாலையும் இரத்தினபுரியும் ரப்பர் மாவட்டங்களாயின. 1910 ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் ரப்பரின் விலை 12 சிலிங்கைத் தாண்டியபோது பங்குதாரர் செல்வராயினர். பால் வெட்டியவரின் நாட்கூலியோ விலைக்கேற்ப ஏறவில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் கங்காணிமார் வழியாகக் கூட்டி வரப்பட்ட குடும்பங்கள், தேயிலைக்கும் ரப்பருக்குமாக இம்மலைகளின் லயங்களில் குடியேறிய வரலாற்றின் ஒரு முனை இங்கிருக்கிறது என்றால், மறு முனை கார்களைச் செய்த டெட்ராயிட்டிலும் பர்மிங்ஹாமிலும் இருக்கிறது.

பால் வெட்டும் தொழிலின் நுட்பத்தையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையிலேயே பால் நன்கு வடியும் என்பதால், வெயில் ஏறுமுன் பிரட்டு எனும் காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து மரத்தண்டை சென்றுவிட வேண்டும்; இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரியும் பழைய வெட்டின் மேலேயே, ஒன்றரை மில்லிமீற்றருக்கு மிகாத மெல்லிய பட்டையைச் சீவ வேண்டும்; கத்தி சற்றே ஆழ்ந்து, பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படையைத் தொட்டுவிட்டால், அங்கே மீண்டும் செம்மையாகப் பட்டை வளராது. சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, ஸ்டோர் எனத் தோட்டத்தார் அழைக்கும் தொழிற்சாலையில் அமிலமிட்டு உறையவைத்து, தகடாக உருட்டி, புகையறையில் உலர்த்திய ரப்பரே டயர்ச் சாலைகளுக்குச் சென்றது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமான 1942க்குப் பின், நேச நாடுகளின் தேவைக்காக, மரம் பட்டுப்போவதையும் பொருட்படுத்தாது பட்டையை அடியோடு சீவிப் பால் எடுக்கும் அழிவெட்டு முறை இத்தீவில் பின்பற்றப்பட்டதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வட்டாரத் தோட்டங்களான ஹவுப்பேயிலும் வெள்ளந்துறையிலும் எந்தானையிலும் வாழும் மக்களுக்கு, 1920களின் கார் ஒன்று துரையின் சொத்து மட்டுமன்று; தம் முன்னோரின் உழைப்பு நான்கு வட்டங்களாக உருண்டு சென்ற பொருள். அந்தக் கார் உருகி இரும்பாகிவிட்டால், அவ்வுழைப்பைக் கண்முன் காட்டுவதற்கு எது எஞ்சும்?

எதிரணியினரின் வலுவான வாதம், இவ்விழாக்கள் துரைமார் காலத்தைப் போற்றுகின்றன என்பதே. அவ்வாதத்தில் நியாயம் உண்டு. நாட்டில் நிகழும் பல அணிவகுப்புகளில் காரின் தயாரிப்பாளர் பெயரும் உரிமையாளர் பெயரும் எழுதப்படுகின்றனவேயன்றி, காரைக் கழுவிய, ஓட்டிய, டயருக்குப் பால் வெட்டிய கைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் ஒரு சான்றை ஒருதலைப்பட்சமாக வாசிக்கிறார்கள் என்பதற்காக அந்தச் சான்றையே அழியவிடுவது தீர்வாகாது. கம்பளைக்கு அண்மையில், பழைய பீகொக் தோட்டத்தின் லயங்களை மீட்டமைத்து, 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. லயத்தின் ஒண்டுக் காம்பிராவைப் பேணுவதால் ஒண்டுக் காம்பிரா வாழ்க்கையைப் போற்றுவதாக எவரும் குற்றஞ்சாட்டியதில்லை. அப்படியிருக்க, துரையின் காரைப் பேணுவதை மட்டும் துரைத்தனத்தைப் போற்றுவதாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்? லயமும் காரும் ஒரே தோட்டத்தின் இரு பொருள்கள். ஒன்றை மட்டும் காத்தால் அத்தோட்டத்தின் பாதிக் கதையே விளங்கும்.

இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு இலக்கத் தகடு. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தாங்கி வந்த வாகனத் தகடுகளின் வரிசைக்குப் பின், 1957 ஜனவரியிலிருந்து பதிவான வாகனங்களுக்குச் சிங்கள "சிறீ" எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், தமிழ் எழுத்திட்ட தகடுகளுடன் தலைவர்கள் வாகனம் ஓட்டியதும், தார் பூசும் இயக்கங்களும், 1958இல் அப்போராட்டம் மலையகத்துக்கும் பரவிப் பொகவந்தலாவையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் பறிபோனதும் தமிழர் மறக்க முடியாத நிகழ்வுகள். மீட்டமைப்பு நெறியை மதிக்கும் எந்த ஆர்வலரும் மூலத் தகட்டை மாற்ற மாட்டார். அதனால் 1956ஆம் ஆண்டின் ஒஸ்டின் ஒன்றும் 1958ஆம் ஆண்டின் மொரிஸ் ஒன்றும் அருகருகே நிற்கும்போது, மொழிக் கொள்கையின் திருப்பத்தை இரு தகடுகளின் வேற்றுமையிலேயே ஒரு மாணவர் கண்டுகொள்ள முடிகிறது. பாடநூலில் இல்லாத ஒன்றை உலோகம் காத்துவைத்திருக்கிறது.

பணக்காரப் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டுக்கு விடை கராஜ்களில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டு, 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை அந்த நிலை நீடித்த காலத்தில், இந்நாட்டின் கார்களை ஓடவைத்தவர்கள் உரிமையாளர்கள் அல்லர். டிங்கர் வேலை செய்தவர்களும், கடைசல் பொறியில் உதிரிப்பாகம் கடைந்தவர்களும், கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்களைத் தேடிப் பொறுக்கியவர்களுமே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்து, 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி ஓய்ந்த மொரிஸ் மைனர், இலங்கையில் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலரது குடும்பக் காராக நிலைத்ததற்கு அக்கைத்திறனே காரணம். அதன் சிறப்பை அறிந்துதான், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களில் இலங்கைப் பங்காளியுடன் சேர்ந்து, அந்தக் காரின் உடற்பாகங்களை இந்நாட்டிலேயே செய்விக்கும் முயற்சியில் இறங்கினார். பிரித்தானியாவில் பிறந்த காருக்கு இலங்கைத் தொழிலாளர் பாகம் செய்து திருப்பி அனுப்பியது சிறிய செய்தி அன்று.

2020இல் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், பாகத்தைக் கழற்றி எறியாமல் திருத்தத் தெரிந்தவரின் அருமையை நாடு மறுபடியும் உணர்ந்தது. தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைவு எடுக்கும் வித்தையும், காபரேற்றரைக் காதால் கேட்டுச் சீர்செய்யும் வித்தையும் புத்தகத்தால் மட்டும் கைமாறுவன அல்ல. வேலை இருந்தால் மட்டுமே அவை அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்லும். பழைய காரை மீட்கச் செலவிடும் பணம் உரிமையாளரின் பெருமைக்குப் போகிறது என்றால், அதன் கணிசமான பகுதி அக்கைகளுக்குக் கூலியாகவும் போகிறது. புகை பற்றிய எதிரணியின் கவலைக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை: அன்றாடப் பயணத்துக்குப் பயன்படாமல், ஆண்டில் சில நாள் மட்டும் ஓடும் வண்டிகளைக் கொண்டு நகரத்தின் காற்றை அளக்க முடியாது.

காக்காமல் விட்டதன் விளைவுக்குச் சான்று தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதை ரயில் 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கையையும் அடைந்து, இவ்வட்டாரத் தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்றது. 1976இல் இவ்வட்டாரத்தில் அது நிறுத்தப்பட்டது. அந்த ரயிலை இன்றைய பள்ளி மாணவர் எவ்வாறு அறிவர்? தண்டவாளம் கிடந்த தடத்தின் மேல் வீடும் வீதியும் வந்துவிட்டன. கோயம்புத்தூரில் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் கார் அருங்காட்சியகம் ஒன்றைப் பேணுவதால், அந்நகரத்து இளைஞர் வாகன வரலாற்றைத் தொட்டுப் பார்த்துக் கற்கின்றனர். இங்கோ, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி வரை அப்படியொரு இடம் இல்லை.

ஆகவே இவ்வணி, தீர்ப்போடு சேர்த்து ஒரு வேண்டுகோளையும் நடுவர் முன் வைக்கிறது. பழைய கார்ச் சங்கங்கள் தம் அடுத்த பயணங்களுள் ஒன்றைப் பெல்மதுளை வழியாகக் கஹவத்தைக்கு அமைத்துக்கொள்ளட்டும்; ஒவ்வொரு காரின் விவரப் பலகையிலும், டயரில் இருந்த ரப்பர் எந்த மாவட்டங்களில் விளைந்தது, அதை யார் வெட்டினர் என்பது எழுதப்படட்டும்; தோட்டங்களில் லொறியும் லேண்ட் ரோவரும் ஓட்டிய முதிய சாரதிகளும், ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவர்களும் இன்னும் உயிரோடிருக்கையில், அவர்களின் வாய்மொழியை வட்டாரப் பாடசாலை மாணவர் ஒலிப்பதிவு செய்து வைக்கட்டும். அந்த ஏற்பாட்டுக்கு மீட்டெடுத்த கார் ஒன்றேனும் ஓடும் நிலையில் முன்னே வந்து நிற்க வேண்டும். அதனை ஓடும் நிலையில் வைத்திருப்போரின் உழைப்புக்கு ஆதரவாக நடுவர் தீர்ப்பளிக்க வேண்டுமென இவ்வணி கேட்டுக்கொள்கிறது.