ஒரே முற்றத்தில் வான்கோழியும் கோழியும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கிராணிமார் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)

 

சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பேசுகின்ற மேடையில் இன்று கோழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். லயத்துக்குப் பின்னால் மேய்கின்ற பத்துக் கோழியும் நாலு வாத்தும் ஒரு சோடி வான்கோழியும் நம் வீட்டுப் பெண்களின் கைக்காசு. பள்ளிக்கூடப் புத்தகப் பைக்கும், தீபாவளித் துணிக்கும், திடீர் மருத்துவச் செலவுக்கும் அந்தக் காசுதான் முதலில் கை கொடுக்கிறது. ஆகவே இது தொழிலாளர் பிரச்சினை அல்ல என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது நியாயமாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டில் கோழி நிறைய இருந்த காலத்தில், வான்கோழிக் குஞ்சு 11 வாங்கி விட்டோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் டவுனில் நல்ல விலை போகும் என்று கணக்குப் போட்டோம். கிராணி வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்குப் போடச் சொல்லித் தர வேண்டுமா? கோழிகளோடு சேர்த்தே மேய விட்டோம். இரண்டு மாதம் கொழுகொழுவென்று வளர்ந்தன. பிறகு ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றது. எச்சம் கந்தகம் போல மஞ்சளாய் இருந்தது. மூன்றாம் நாள் செத்தது. இரண்டு வாரத்துக்குள் 9 போய்விட்டன. வேடிக்கை என்னவென்றால் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வழக்கம்போல் கிளறிக்கொண்டிருந்தன.

கோழி சாகவில்லை, வான்கோழி மட்டும் செத்தது என்றால் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றியது. எதிர் லயத்து அக்காவுடன் எங்களுக்கு முன்பே வேலித் தகராறு இருந்தது. அவர் தோட்டத்துக் கீரையை எங்கள் வான்கோழி கொத்தியது என்று இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான், பெரட்டுக் களத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அவரைக் குற்றம் சாட்டிவிட்டோம். இரண்டு லயமும் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்று. கோயில் திருவிழாக் கூட்டத்திலும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். கிளைச் செயலாளர்தான், "செத்த பறவையை அறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சண்டை போடுங்கள்" என்று சொல்லிக் கால்நடை இலாகாவுக்கு அனுப்பி வைத்தார்.

அறுத்துப் பார்த்தார்கள். ஈரலில் வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்த புள்ளிகள். குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகளும் வீங்கி, உள்ளே பாலாடைக்கட்டி போலக் கெட்டியாக இருந்தது. விஷம் இல்லை, கருந்தலை நோய். அந்த நோயை எங்கள் வான்கோழிகளுக்குக் கொடுத்தவை எங்கள் சொந்தக் கோழிகளே! அன்று மாலையே எதிர் லயத்துக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் கொடுத்தார். ஆனால், "எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே தம்பி, எல்லார் முன்னாடியும் கேட்டீங்களா?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆகையால் இந்தக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கருந்தலை நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் சுமித் என்ற அறிஞர் இதைக் கண்டு எழுதினார். 1920இல் இன்னொரு உண்மை தெரிந்தது. கோழியின் குடலில் வாழும் சிறு புழு ஒன்று உண்டு. அந்தப் புழுவின் முட்டைக்குள் இந்த ஒட்டுண்ணி ஒளிந்துகொள்கிறது. கோழியின் எச்சத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். மண்புழு அதைத் தின்னும். வான்கோழி மண்புழுவைத் தின்னும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது, வான்கோழி தாங்குவதில்லை. ஒரு வான்கோழிக்கு வந்துவிட்டால், புழு இல்லாமலே பக்கத்து வான்கோழிக்கும் நேரடியாகத் தொற்றிக்கொள்ளும். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். வராமல் பார்த்துக்கொள்வதே வழி.

அப்படியானால் கலந்து வளர்க்கவே கூடாதா? இயற்கையாக வளர்ப்பது என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை, தோழர்களே. ஆனால் இயற்கையாக வளர்ப்பது வேறு. அவிழ்த்து விட்டுவிட்டு மறந்துபோவது வேறு. காட்டில் எந்தப் பறவையும் ஒரே இடத்தில் நூறு நாள் எச்சமிட்டுக்கொண்டு நிற்பதில்லை. நாம்தான் லயத்துப் பின்புறம் முப்பதடி நிலத்தில் எல்லாவற்றையும் அடைத்து வைத்துவிட்டு, இயற்கை என்கிறோம்.

கலந்து வளர்ப்பதில் நன்மை உண்டு. கோழி கிளறும், வான்கோழி புல்லும் வெட்டுக்கிளியும் தேடி மேயும், வாத்து நத்தையைத் தின்னும். கினிக்கோழி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பாம்போ உடும்போ தலை காட்டினால் அது போடுகிற கூச்சலில் லயமே எழுந்துவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பயன்படுத்துகிறது. ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்து இடத்தைப் பிரித்துக் கொடுத்தால்தான் இந்த நன்மை நிலைக்கும்.

அடை வைப்பதிலிருந்து தொடங்குவோம். கோழி முட்டை பொரிக்க 21 நாள். வான்கோழி முட்டைக்கு 28 நாள். சாதாரண வாத்துக்கும் 28. மணிலா வாத்துக்கு மட்டும் 35. மயிலைப் பார்த்து ஆடியது என்று வான்கோழியை ஏளனம் செய்வது நம் வழக்கம். ஆனால் அடைகாப்பதில் வான்கோழித் தாயைப் போலப் பொறுமைசாலி கிடையாது. அதைத் தன் முட்டையின் மேல் உட்கார வைத்து, ஏழு நாள் கழிந்த பிறகு இரண்டு மூன்று கோழி முட்டையை அடியில் வைத்துவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும்.

ஏன் இந்த வேலை? வான்கோழிக் குஞ்சு பிறந்ததும் தீனியும் தண்ணீரும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திகைத்து நிற்கும். தட்டு நிறையத் தீனி இருக்கப் பட்டினியால் சாகும் குஞ்சும் உண்டு. கோழிக் குஞ்சு பிறந்தவுடன் கொத்தத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து இதுவும் கொத்தும். புதிதாகப் பொரித்த கோழிக் குஞ்சிடம் அந்தப் புழு இருக்காது. மூத்த கோழிகளிடமும் அவை மேய்ந்த மண்ணிலும்தான் ஆபத்து. ஆகவே குஞ்சு வாத்தியாராக இருக்கட்டும். பெரிய கோழி பக்கத்தில் வர வேண்டாம். அடைகாக்கும் தாய்க்கு முன்கூட்டியே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

குஞ்சுகளுக்குப் பரண் கட்டுங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம், மூங்கில் பிளாச்சில் தளம், மேலே பழைய தகரம், மழைச்சாரல் அடிக்கும் பக்கம் சாக்குத் திரை. பிளாச்சுகளுக்கு நடுவே எச்சம் கீழே விழ இடைவெளி இருக்க வேண்டும். குஞ்சின் கால் சிக்குமளவு இருக்கக்கூடாது. மூன்று மாதம் வரை தரையில் விடாதீர்கள். நனைந்த வான்கோழிக் குஞ்சு பிழைப்பது அரிது. நம் நாட்டு மழையைப் பற்றிப் பால்வெட்டுகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் மேயவிடும்போது, கோழி மேயாத இடமாகப் பார்த்து விடுங்கள். லயத்தின் இடப்பக்கம் கோழிக்கு, வலப்பக்கம் வான்கோழிக்கு என்று வேலி போட்டுக்கொண்டாலே போதும். கோழி மேய்ந்த பக்கத்தை இரண்டு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அந்தப் புழு முட்டை அதைவிட நீண்ட நாள் இருக்கும். கோழிகளுக்கும் குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுங்கள். வாத்துக்குத் தண்ணீர்த் தொட்டியைத் தள்ளி வையுங்கள். அது கூட்டைச் சேறாக்கும். சேற்றில்தான் புழுவும் ரத்தக்கழிச்சலும் பெருகும். பெட்டை வாத்து போதாமல் ஆண் வாத்தைக் கோழிகளோடு அடைத்தால் அது கோழிகளைக் காயப்படுத்தும். இதையும் கவனியுங்கள்.

தீனியில் இரண்டு எச்சரிக்கை. கடையில் விற்கும் கோழிக் குஞ்சுத் தீனியில் வான்கோழிக்குத் தேவையான புரதம் இல்லை. கோழிக் குஞ்சுக்கு நூற்றுக்கு 20 பங்கு போதும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் 28 பங்கு வரை வேண்டும். அவித்த முட்டையைப் பொடித்து, முருங்கைக் கீரை, கறையான் என்று சேர்த்துக் கொடுங்கள். இன்னொன்று, சில கோழித் தீனியில் சாலினோமைசின் என்ற மருந்தைக் கலந்திருப்பார்கள். கோழிக்கு அது நல்லது. வான்கோழிக்கு அது நஞ்சு. மூட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் மூட்டையோடு ஆபீசுக்கு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். அதற்குத்தானே கிராணி!

ரப்பர் கொட்டை காலடியில் இலவசமாகக் கிடக்கிறது என்று பச்சையாக இடித்துப் போடாதீர்கள். பச்சைக் கொட்டையிலும், பச்சை மரவள்ளி இலையிலும் நஞ்சு உண்டு. மருந்தடித்த நிரைகளிலும் பறவைகளை விடாதீர்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் பால் என்று பொருளல்ல. செம்பனைக்கு மாறிய இடங்களில் எலி மருந்தும் வைக்கிறார்கள். எந்த நாள் எந்த நிரையில் மருந்து என்பதை முந்தின நாளே பெரட்டில் அறிவிக்க வேண்டும் என்று சங்கம் கேட்கிறது. கோழிக்காக மட்டுமல்ல, குழந்தைகளுக்காகவும் கேட்கிறோம்.

அடுத்து, வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய். வந்தால் லயத்துக் கோழியெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் முதன்முதல் கண்டறிந்ததால் நியூகாசல் நோய் என்று பெயர். இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. ஐஸ் இல்லாவிட்டால் மருந்து கெட்டுவிடுகிறதே, கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 1980களில் செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகத்தில், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் ஒரு மருந்தைத் தீனியோடு கலந்து கம்பத்துக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முயற்சி பிறகு மற்ற ஏழை நாடுகளுக்கும் வழிகாட்டியது. நம்மைப் போன்றவர்களின் கோழிக்காகவே நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சி அது. லயத்தில் ஒருவர் மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. எல்லாரும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். இதுவும் ஒரு சங்க வேலைதான்.

பறவைகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் கறி வைக்காதீர்கள், ஆற்றில் எறியாதீர்கள், இரவோடு இரவாக விற்காதீர்கள். கிளந்தானில் 2004இலும் 2017இலும் பறவைக் காய்ச்சல் வந்ததை நினைவில் வையுங்கள். வாத்து நோயின் அறிகுறி காட்டாமலே அந்தக் கிருமியைச் சுமக்கக் கூடும். உடனே இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

முடிக்குமுன் ஒன்று. ஒருமுறை பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்புக்காரர் ஒருவர், "உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு கோழி வைத்திருக்கிறார்களே, பிறகென்ன கஷ்டம்?" என்று கேட்டார். தோழர்களே, கோழி நம் உழைப்பின் மேல் உழைப்பு. விடியுமுன் எழுந்து மரம் வெட்டிவிட்டு வந்து, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் நம் பெண்கள் பார்க்கும் இரண்டாவது வேலை. அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க எவருக்கும் உரிமை கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. கோழி வளர்க்கிறவனுக்கு ஒரு காசு குறைத்துக் கொடுக்கலாம் என்று அந்த உத்தரவில் எங்கும் இல்லை.

அதேபோல், நிலம் சலுகையும் அல்ல. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. நம் பாட்டன்மார் காலத்தில் ஒப்புக்கொண்ட ஒன்றை, லயத்துப் பின்புறம் கோழிக்கூடு அழகைக் கெடுக்கிறது என்று இன்று பிடுங்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்போதுதான் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

எங்களிடம் மிஞ்சிய வான்கோழி இரண்டும் நல்ல வேளையாக ஒரு சோடி. சென்ற முறை 12 முட்டை வைத்தோம். பரணில் 9 பொரித்து 7 தேறின. அவற்றில் ஒரு சோடியை எதிர் லயத்து அக்காவுக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது அவருடைய வான்கோழி எங்கள் கீரையைக் கொத்துகிறது. நாங்கள் சத்தம் போடவில்லை.

ஒற்றுமை ஓங்குக!