பச்சையா, சிவப்பா? கூலன்ட் வாங்கப் போன கதை

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்லை, கேட்ஜெட் இல்லை. கார் ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட் பத்திப் பேசப் போறேன். காரணம், போன கோடையில நான் பண்ண ஒரு முட்டாள்தனம்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தங்கல், வேலை சென்னையில. ஊர்ல அப்பாகிட்ட பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார் இருக்கு. லீவுக்குப் போயிருந்தப்ப, அம்மாவை மதுரைக்குக் கண் செக்கப் கூட்டிட்டுப் போகணும். கிளம்புறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்தா, கூலன்ட் டேங்க்ல அளவு குறைஞ்சிருந்தது. உள்ள இருந்தது லேசா பச்சையா தெரிஞ்சது. நேரா கடைக்குப் போய், "அண்ணாச்சி, பச்சை கூலன்ட் ஒண்ணு குடுங்க"ன்னு வாங்கி ஊத்திட்டேன்.

கள்ளிக்குடி பக்கம் போறப்ப டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுருச்சு. ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணேன். பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போறேன், பின்னாடி இருந்து அப்பா சத்தம்: "ஏலே, கையை எடு! ஆறட்டும்." அப்பா அச்சாபீஸ்ல வேலை பார்த்தவர். இன்ஜினியரிங் டிகிரி என்கிட்டதான் இருக்கு. ஆனா அன்னைக்கு என் கையையும் மூஞ்சியையும் காப்பாத்துனது அவர்தான். சூடான ரேடியேட்டர் பிரஷர்ல இருக்கும். மூடியைத் திறந்தா கொதிக்கிற தண்ணி அப்படியே மேல பீச்சி அடிக்கும்.

அன்னைக்கு ஆஸ்பத்திரி போக முடியல. அம்மா ரோட்டோரம் முந்தானையால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைக் கழட்டிக் காட்டினார். உள்ள வெள்ளை உப்புப் படிவு, துருச் சேறு, ஒரு ஓரத்துல கசிவு. அப்பா மெதுவா ஒத்துக்கிட்டார்: "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது? நாலு வருஷமா போர் தண்ணிதான் ஊத்துறேன்." நான் பச்சைன்னு பார்த்தது, என்னைக்கோ ஊத்துன பழைய கூலன்ட்டோட மிச்சம்.

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். தண்ணி உறையாம இருக்கத்தான் கூலன்ட்டுன்னா, விருதுநகர் வெயில்ல அது எதுக்கு?

கூலன்ட்ல மூணு விஷயம் இருக்கு: தண்ணீர், எத்திலீன் கிளைக்கால், துருத்தடுப்பு ரசாயனங்கள். கிளைக்கால் உறைநிலையைக் குறைக்கிறது மட்டுமில்லை, கொதிநிலையையும் ஏத்தும். பாதிக்குப் பாதி கலந்தா சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தர்ற அழுத்தமும் சேர்ந்தா 120-ஐத் தாண்டும். அதைவிட நமக்கு முக்கியம் அந்தத் துருத்தடுப்பு. போர் தண்ணியில் அது கிடையாது. மாறாக கால்சியமும் மக்னீசியமும் இருக்கு. வீட்டுல வெந்நீர் ஹீட்டர் காயில் வெள்ளையா ஆகுதுல்ல, அதேதான் இன்ஜினுக்குள்ளயும் நடக்கும்.

இப்ப என் தப்புக்கு வர்றேன். நான் கலரைப் பார்த்து வாங்கினேன். சிவகாசிப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது இயல்பு. மத்தாப்பு பச்சையா எரிஞ்சா பேரியம், சிவப்பா எரிஞ்சா ஸ்ட்ரான்ஷியம். பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டப்ப, பச்சைக்கு என்ன பண்றதுன்னு ஊரே பேசுச்சு. பட்டாசுல கலர்தான் கெமிஸ்ட்ரி. கூலன்ட்ல கலர் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்தக் கலர்னு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. ரெண்டு பச்சை பாட்டில்ல ரெண்டு வேற ரசாயனம் இருக்கலாம்.

வித்தியாசம் இருக்கறது துருத்தடுப்புல. பழைய வகை ஐஏடி: சிலிகேட் மாதிரியான உப்புகள், சுமார் ரெண்டு வருஷத்துல மாத்தணும். ஓஏடி: கரிம அமிலங்கள், பொதுவா அஞ்சு வருஷம் வரை தாங்கும். ரெண்டும் கலந்தது எச்ஓஏடி. ஐரோப்பியக் கம்பெனிகள் பல, கடின நீர்ல படிவு வரும்னு பாஸ்பேட்டைத் தவிர்ப்பாங்க. ஜப்பான் கம்பெனிகள் வாட்டர் பம்ப் சீல் தேயும்னு சிலிகேட்டைத் தவிர்த்து பாஸ்பேட் போடுவாங்க. வகை தெரியாம கலந்தா துருத்தடுப்பு சீக்கிரம் தீர்ந்துரும். சில சமயம் கூழ் மாதிரி கட்டியாகி அடைச்சுக்கும்.

அப்ப எதைப் பார்த்து வாங்கணும்? காரோட மேனுவல். எங்க காருக்கு எது வேணும்னு டேஷ்போர்டுல பிரிக்காத கவர்ல பத்து வருஷமா எழுதி இருந்துச்சு. டாக்குமென்டேஷன் படிக்காம கோட் எழுதினா ஜூனியரைத் திட்டுற ஆள் நான்!

மேனுவல் சொல்ற வகைதானான்னு பாட்டில் பின்னாடி பாருங்க. ரெடிமிக்ஸ்னா அப்படியே ஊத்தலாம். கான்சென்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டர் கலந்துதான் ஊத்தணும். கலக்காம ஊத்தினா நல்லதுன்னு நினைக்காதீங்க, கிளைக்கால் தண்ணி அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. அளவு திரும்பத் திரும்பக் குறைஞ்சா, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ஊத்துறதை நிறுத்திட்டு செக் பண்ணுங்க. பழைய கூலன்ட்டைத் தெருவுல கொட்டாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் நக்குனா செத்துரும்.

உடனே நிறுத்துனதால இன்ஜின் தப்பிச்சது. ரேடியேட்டர் புதுசு. அடுத்த வாரம் அம்மாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம், முள் நடுவுலயே நின்னுச்சு. இப்ப பானெட்டுக்கு அடியில ஒரு அட்டை ஒட்டியிருக்கு: கூலன்ட் வகை, மாத்துன தேதி, அடுத்து மாத்த வேண்டிய தேதி. எழுதுனது அப்பா. கீழே பெருசா இன்னொரு வரியும் சேர்த்திருக்கார்: "போர் தண்ணி ஊத்தக் கூடாது."

இந்த வாரம் உங்க வீட்டுக் கார் மேனுவலை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.