பெயர் மாறும் கரை



குரோவேசிய நாட்டின் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் அமைந்த சிற்றூர் ஒபாத்தியா. பழைய புனித யாக்கோபு மடத்தையொட்டி எழுந்த ஊராதலின், குரோவேசிய மொழியில் ஒபாத்தியா என்றும், இத்தாலிய மொழியில் அபாசியா என்றும் பெயர் பெற்றது. இரண்டிற்கும் பொருள் ஒன்றே: மடம்.

1844இல் ரியேக்கா நகர வணிகர் இஜினியோ ஸ்கார்ப்பா இங்கொரு மாளிகை எழுப்பி, மறைந்த தம் மனைவியின் பெயரால் அதனை 'வில்லா ஆஞ்சியோலினா' என அழைத்தார். ஊரின் புது வரலாறு ஓர் இரங்கலிலிருந்தே தொடங்குகிறது. 1873இல் இருப்புப்பாதை ரியேக்காவை எட்டியது. 1884இல் குவார்னர் விடுதி திறக்கப்பெற்றது. ஊச்கா மலை பின்னின்று குளிர்காற்றைத் தடுப்பதால், 1889இல் ஆஸ்திரிய அரசு இதனை உடல்நலத் தங்குதலமாக அறிவித்தது. நோயுற்றோரும் செல்வரும் திரண்டனர். தூண்களும் மாடங்களும் பூங்காக்களும் பெருகின. எல்லாரும் மயங்கினாரல்லர். 1894இல் வந்துசென்ற செகாவ், மறு ஆண்டு வெளியான 'அரியாட்னா' கதையில், தம் கதைமாந்தன் வாயிலாக இவ்வூரை இகழ்ந்துரைக்கிறார்.

1918இல் பேரரசு வீழ்ந்தது. 1920இல் ராப்பல்லோ உடன்படிக்கையால் ஊர் இத்தாலிக்குரியதாயிற்று, 1947இல் யூகோஸ்லாவியாவுக்கு, 1991 முதல் குரோவேசியாவுக்கு. 1910இல் இங்குப் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒருவர், வாயிற்படி தாண்டாமலே நான்கு நாடுகளின் குடியாகியிருப்பார். பட்டத்து இளவரசி ஸ்டெபானியின் பெயரால் 1885இல் எழுந்த விடுதி, பலமுறை பெயர் மாறி, இன்று 'இம்பீரியல்' என நிற்கிறது. பேரரசு இல்லை, பெயர் மட்டும் மீண்டிருக்கிறது.

1891இல் கடலில் மூழ்கி மாண்ட பிரபு ஒருவரின் நினைவாகக் கரைப்பாறையில் மரியன்னை சிலை வைக்கப்பெற்றது. அது சிதைந்தபின், 1956இல் அங்கே சிற்பி ஸ்வோன்கோ சாரின் 'கடற்புறா ஏந்திய பெண்' நிறுவப்பெற்றாள். இன்று ஊரின் அடையாளம் அவளே. அவள் நிற்குமிடம் ஒரு சாவின் நினைவிடம் என்பதை, அருகே படம் எடுத்துக்கொள்வோருள் எத்தனைபேர் அறிவர்?

இரண்டாம் உலகப்போரின் பின் இத்தாலிய மொழியினர் பலர் இக்கரையை விட்டகன்றனர். கட்டியவர் பெயரை மாளிகை சொல்கிறது. கதவைப் பூட்டிச் சென்றவர் பெயரை அது சொல்வதில்லை. அழகிய முகப்புகளைப் பாடுதல் எளிது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என வகுத்த மரபில் வந்த கவிஞர்க்கோ, அம்முகப்பின் பின்னே பூட்டிய கதவையும் காணும் கடமை உண்டு.